பிரிந்தோரைத் தேடிய பயணம்: ஏ.கே. செட்டியாரின் வாழ்வு

சென்னை மாநகரின் தெற்கு வாயில் தாம்பரம். பாண்டி நாட்டிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் எழும்பூருக்கு வரும் புகைவண்டிகள் செங்கற்பட்டைக் கடந்து, தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் தொட்டே நகருக்குள் நுழைகின்றன. 1931ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே, தனுஷ்கோடி வரை சென்று இலங்கைப் பயணிகளைக் கப்பலேற்றிய போட் மெயில் இவ்வழியே ஓடிக்கொண்டிருந்தது. கடல் கடக்கத் துணிந்தோரையும் கடல் கடந்து மீண்டோரையும் நீண்ட காலமாகக் கண்டு பழகிய பாதை இது.

இப்பாதையோரத்துப் பல்லாவரத்தில் 1911ஆம் ஆண்டு குடியேறி, 1950இல் மறையும் வரை வாழ்ந்த மறைமலையடிகள் 1914, 1917, 1921 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இலங்கை சென்றார். அவர் சென்ற இடமெல்லாம் தமிழும் சைவமும் முழங்கின. அறிவைக் கொண்டுசென்று வழங்கிய பயணம் அது. அப்பயணத்துக்கு ஒரு மாற்றும் உண்டு. பேசுவதற்கன்றிக் கேட்பதற்காகவும், கொடுப்பதற்கன்றித் தேடுவதற்காகவும் மேற்கொள்ளும் பயணம் அது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அவ்வகைப் பயணத்துக்குத் தம் வாழ்நாளையே ஒப்படைத்தவர் ஒருவர் உண்டு. உலகம் சுற்றும் தமிழன் என்று தமிழுலகம் அழைத்த ஏ.கே. செட்டியார்தாம் அவர்.

உலகம் சுற்றியவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள், பின்னும் வந்தார்கள். ஆயின் செட்டியாரின் பயணத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. காணாத இடங்களைக் காண்பதைவிட, விட்டுப்போன உறவுகளைத் தேடி எடுப்பதே அவர் பயணத்தின் உள்ளோட்டமாக இருந்தது. ஒரு பெருமகனாரின் பழைய நண்பர்கள் உலகெங்கும் சிதறியிருந்தனர். கடலுக்கு அப்பால் கரையேறிய தமிழ்க் குடும்பங்கள் தாய்மண்ணோடு தொடர்பிழந்து கிடந்தன. பழைய ஏடுகளில் புதைந்த எழுத்துக்கள் மறதியில் ஆழ்ந்திருந்தன. இம்மூன்றையும் அவர் தேடினார். தேடிக் கிடைத்தவற்றை நமக்கு வைத்துவிட்டு, தம்மை மட்டும் மறைத்துக்கொண்டார்.

கோட்டையூரும் இரங்கூனும்

செட்டியாரின் இயற்பெயர் கருப்பன். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நகரத்தார் சமூகத்துக்குக் கடல் புதிதன்று. பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனா என்று அவர்களுடைய கடைகள் விரிந்திருந்த காலம் அது. ஒவ்வொரு வீட்டிலும் யாரேனும் ஒருவர் அக்கரையில் இருப்பார். மூன்றாண்டுக் கணக்கில் கொண்டுவிக்கச் செல்பவர், கணக்கு முடிந்து திரும்புவார். சிறிது காலம் ஊரில் தங்கி மனைவி மக்களைக் கண்டு, மீண்டும் கப்பலேறுவார். உயர்ந்த தூண்களும் அகன்ற முற்றங்களும் கொண்ட அவ்வீடுகளின் செல்வத்துக்குப் பின்னால் நீண்ட பிரிவுகள் இருந்தன. பிரிவும் மீள்வும் அச்சமூகத்தின் நாட்காட்டியாகவே அமைந்திருந்தன.

இளமையிலேயே எழுத்தில் நாட்டம் கொண்ட செட்டியாரும் பர்மா சென்றார். ஆனால் வட்டிக்கடைக் கணக்குப் புத்தகத்தில் அவர் உள்ளம் நிற்கவில்லை. இரங்கூனிலிருந்து வெளிவந்த தனவணிகன் என்னும் இதழுக்கு ஆசிரியரானார். அக்கரையில் வாழ்ந்தோருக்கு ஊர்ச் செய்தியையும், ஊரில் இருந்தோருக்கு அக்கரைச் செய்தியையும் கொண்டுசெல்லும் பணி அது. பிரிந்து வாழ்வோரை எழுத்தால் பிணைக்கும் தொழிலை அவர் அங்கேயே கற்றார் எனலாம்.

அந்த ஆண்டுகள் பர்மாவில் வாழ்ந்த தமிழருக்கு நல்ல ஆண்டுகள் அல்ல. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நெல் விலை சரிந்தது. கடனை அடைக்க இயலாத உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலவுடைமை, 1938இல் கால் பங்காக உயர்ந்தது. நிலம் கிடைத்தது, உடன் பகையும் வளர்ந்தது. 1930இலும் 1938இலும் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் கால்நடையாகவே மலைகளைக் கடந்து தாய்நாடு நோக்கி வந்தன. வழியில் மாண்டோர் பலர். கடலுக்கு அப்பால் கட்டிய வாழ்வு எத்துணை நிலையற்றது என்பதைச் செட்டியாரின் தலைமுறை கண்ணெதிரே கண்டது.

படக்கலை தேடி

எழுத்தோடு படக்கலையும் வேண்டும் என்ற வேட்கை செட்டியாரை ஜப்பானுக்கு இட்டுச் சென்றது. டோக்கியோவில் புகைப்படக் கலை கற்றார். அங்கே கண்டவற்றை ஜப்பான் என்னும் நூலாக எழுதினார். பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் அக்கலையில் மேலும் பயிற்சி பெற்றார்.

தமிழ்ப் பேசும்படம் பிறந்ததே 1931இல்தான். புராணக் கதைகளும் பாட்டுக்களும் திரையை நிறைத்திருந்த அந்நாளில், படப்பெட்டியை ஒரு சான்றாவணமாகக் கருதியவர்கள் மிகச் சிலரே. பொழுதுபோக்கை விடுத்து, உள்ளதை உள்ளவாறு பதிவு செய்யும் கருவியாக அதனைக் கண்ட தமிழர்களுள் செட்டியார் முன்னோடி.

கப்பலில் பிறந்த எண்ணம்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நோக்கிச் சென்ற சமாரியா என்னும் கப்பலில் செட்டியார் இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. காந்தியடிகளின் வாழ்வைக் காட்டும் முழுநீள ஆவணப்படம் ஒன்றை எடுக்க வேண்டும் என்பதே அது.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. பெரும் நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. நாடு அடிமைப்பட்டுக் கிடந்தது. படத்துக்கு உரியவரோ தம்மைப் படமெடுப்பதில் ஆர்வமற்றவர். நடிகரைக் கொண்டு நடிக்கச் செய்யும் கதைப்படமாயின் அரங்கு அமைத்து எடுத்துவிடலாம். ஆவணப்படத்துக்கு அவ்வழி இல்லை. ஏற்கனவே நடந்து முடிந்த நிகழ்ச்சிகளை, அந்தந்த நாளில் யாரேனும் எடுத்து எங்கேனும் வைத்திருந்தாலன்றிப் பெற முடியாது. ஆகவே இப்படத்தை எடுப்பது என்பதே தேடுவது என்று பொருள்பட்டது.

தேடலின் பரப்பு எளிதன்று. காந்தியடிகள் இந்தியாவில் மட்டும் வாழ்ந்தவர் அல்லர். இங்கிலாந்தில் சட்டம் பயின்றவர். 1893 முதல் 1914 வரையிலான தம் வாழ்வின் பெரும்பகுதியைத் தென்னாப்பிரிக்காவில் கழித்தவர். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்று, திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தில் ரொமெய்ன் ரோலண்டின் விருந்தினராகத் தங்கியவர். சென்ற இடமெல்லாம் நண்பர்களை ஈட்டியவர். அவ்வாழ்வின் தடங்களைத் தொடர வேண்டுமாயின் அந்நட்பின் தடங்களையே தொடர வேண்டியிருந்தது.

நட்பின் வழியே

அந்த 1937ஆம் ஆண்டிலேயே ஓர் அரிய சந்திப்பும் நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் உற்ற தோழராய் விளங்கியவர் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக். 1910இல் தமக்குரிய 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ்வதற்கு அளித்தவர் அவர். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. 1914இல் இருவரும் ஒருங்கே இந்தியா வர எண்ணி இலண்டன் வரை வந்தனர். உலகப் போர் மூண்டது. செருமானியக் குடியுரிமை உடையவர் என்பதால் காலன்பாக்கின் பயணம் தடைப்பட்டது. நண்பர்கள் பிரிந்தனர். 23 ஆண்டுகளுக்குப் பின், 1937இல்தான் காலன்பாக் இந்தியா வந்து தம் தோழரை மீண்டும் கண்டார். தலை நரைத்த இருவர் அறுந்த இடத்திலிருந்து நட்பைத் தொடர்ந்தனர்.

செட்டியார் தேடிச் சென்ற உலகம் இத்தகைய நட்புக்களால் ஆனது. தென்னாப்பிரிக்க நாட்களின் இன்னொரு தோழரான ஹென்றி போலக் இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். காந்தியடிகளின் வரலாற்றை எழுதி ஐரோப்பாவுக்கு அவரை அறிமுகம் செய்த ரோலண்டும் அப்போது உயிருடன் இருந்தார். காந்தியடிகளின் இரண்டாம் மைந்தர் மணிலால், டர்பனை அடுத்த பீனிக்ஸ் குடியிருப்பில் தந்தையார் விட்டுவந்த இந்தியன் ஒப்பீனியன் இதழை நடத்திவந்தார். இந்தியாவில் வாழ்ந்த தந்தைக்கும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த மைந்தருக்கும் இடையே கடிதங்களே பாலமாக இருந்தன.

செட்டியாரின் பயணம் இங்கிலாந்து, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று நான்கு கண்டங்களை அளந்தது. செய்திப்படச் சாலைகளின் அலமாரிகளில் உறங்கிய படச்சுருள்களைத் தேடினார். தனியாரிடம் இருந்தவற்றையும் கேட்டுப் பெற்றார். பல நாட்டுப் படப்பிடிப்பாளர்கள் பல ஆண்டுகளில், ஒருவரையொருவர் அறியாமல் எடுத்தவை அவை. அவற்றை ஒருசேர வைத்துப் பார்த்த முதல் மனிதர் இந்தத் தமிழ் இளைஞர்.

தென்னாப்பிரிக்கா அவருக்கு வேறு வகையிலும் சொந்த நாடு. அங்கு நடந்த சத்தியாக்கிரகத்தில் பெரும்பங்கு தமிழருடையது. தம்பி நாயுடு அதில் தளபதி போல் நின்றார். இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை சிறைவாசத்தில் நலிந்து, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தார். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனில் கரையிறங்கிய முதல் கூலிக் கப்பலின் வழிவந்தோர் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்தனர். காந்தியடிகளின் சுவடுகளைத் தேடிச் செல்லும் தமிழர் எவரும் அங்கே தம் இனத்தாரின் சுவடுகளையும் காணாமல் மீள முடியாது.

இக்காலத்தில் ஒரு பொருத்தம் குறிப்பிடத்தக்கது. காந்தியத்தைத் தேடித் தமிழர் ஒருவர் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகம் தாம்பரத்துக்கு வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக் காட்டுக்கு இடம் மாறியது. அப்புதிய வளாகத்தில் 1938 டிசம்பரில் உலகக் கிறித்தவப் பணியாளர் மாநாடு கூடியது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470 பேராளர்கள் வந்திருந்தனர். மாநாட்டுத் தலைவர் ஜான் மாட், தாம்பரம் வருமுன் சேகாவ்ம் சென்று காந்தியடிகளிடம் உரையாடினார். போர்மேகம் சூழ்ந்த உலகில் பல நாட்டாரும் ஒரு மனிதரின் சொல்லைக் கேட்க விரும்பினர் என்பதற்கு அது சான்று. செட்டியாரின் தேடல் காலத்தின் தேவையோடு இயைந்திருந்தது.

திரையில் ஒரு வாழ்வு

திரட்டிய படச்சுருளின் நீளம் 50,000 அடி. பேசும்பட வேகத்தில் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடியது. அதனைச் சுருக்கி 12,000 அடியாக, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படமாக அமைத்தார். அந்நாளையப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் இயல்பின. வெப்பமும் ஈரமும் அவற்றுக்குப் பகை. கண்டங்களைக் கடந்து அவற்றைக் கொணர்ந்து சேர்த்ததே ஓர் அருஞ்செயல்.

மகாத்மா காந்தி என்னும் அந்தத் தமிழ்ப் படம் 1940 ஆகஸ்ட் 23ஆம் நாள் வெளியாயிற்று. அக்காலச் சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். இராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகிவிட்டது. ஆட்சி ஆளுநர் கையில் இருந்தது. ஐரோப்பாவில் போர் கொழுந்துவிட்டு எரிந்தது. தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்க இரண்டு மாதங்களே இருந்தன. அவ்வேளையில் காந்தியடிகளின் வாழ்வைத் திரையில் காட்டுவதற்குப் பொருளும் உழைப்பும் மட்டும் போதா. நெஞ்சுரமும் வேண்டும்.

நாளிதழ் படிக்க இயலாத சிற்றூர் மக்களுக்குக் காந்தியடிகள் அதுவரை ஒரு பெயர், ஒரு சுவர்ப்படம். அவர் நடப்பதையும் சிரிப்பதையும் கூட்டத்தின் நடுவே கைகுவிப்பதையும் கண்ணெதிரே காணும் பேறு அவர்களுக்கு இப்படத்தால் வாய்த்தது. அதுவும் தமிழ் விளக்கத்தோடு வாய்த்தது. தெலுங்கு வடிவமும் தொடர்ந்தது. நாடு விடுதலை பெற்ற 1947இல் இந்தி வடிவம் தில்லியில் காட்டப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவாயிற்று. காந்தியடிகளைப் பற்றிய முதல் முழுநீள ஆவணப்படம் என்று போற்றப்படும் ஒன்று, முதன்முதலில் தமிழில் பேசியது என்பது தமிழர் மறக்கக்கூடாத செய்தி.

கடல் கடந்த உறவினர்

படம் முடிந்தபின் பயணம் முடியவில்லை. பிரயாண நினைவுகள், மலேயா முதல் கனடா வரை, அமெரிக்க நாட்டிலே, ஐரோப்பா வழியாக, கரிபியன் கடலும் கயானாவும், குடகு என்று அவருடைய நூல்கள் வரிசையாக வந்தன. உலகம் சுற்றும் தமிழன் என்ற நூலின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகவும் நிலைத்தது. பின்னர் சோமலெ முதலியோர் வளர்த்த தமிழ்ப் பயண இலக்கியத்துக்கு அகன்ற பாதை அமைத்தவர் செட்டியாரே.

கயானாவுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் ஒரு தமிழர் செல்வதன் பொருளை அறிய, அதன் பின்னுள்ள வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீசியசுக்கு 1834 முதலும், பிரித்தானியக் கயானாவுக்கு 1838 முதலும், பிரெஞ்சு மார்த்தினிக்குக்கு 1853 முதலும் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். சென்னையிலிருந்தும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் தமிழர் பலர் சென்றனர். ஒப்பந்த முறை 1917இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் சென்றோரின் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்திருந்தனர்.

அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. எழுதத் தெரியாதவர்களிடமிருந்து கடிதம் வருவதில்லை. ஊரில் தங்கிவிட்ட தாய்க்கு மகன் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாமல் போயிற்று. அங்கே பிறந்த பேரனுக்குப் பாட்டனின் ஊர்ப்பெயர் உருத்திரிந்து வழங்கிற்று. மார்த்தினிக்கிலும் கயானாவிலும் மொழி மறைந்தது. ஆயினும் மாரியம்மன் வழிபாடு மறையவில்லை. பொருள் தெரியாத தமிழ்ச் சொற்கள் வழிபாட்டில் மட்டும் உயிர்பிழைத்து நின்றன. இத்தகைய மக்களைத் தேடிச் சென்று, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைத் தமிழில் எழுதுவது சுற்றுலாவைச் சேர்ந்ததாகாது. காணாமற்போன உறவினரின் நலம் கேட்டு வருவதற்கு ஒப்பானது அது.

செட்டியாரின் நடை இப்பணிக்கு ஏற்றதாக அமைந்தது. சிறு வாக்கியங்கள். மிகைச் சொல் இல்லை. இயற்கைக் காட்சிகளை வருணிப்பதில் அவர் நெடுநேரம் நிற்பதில்லை. உணவு, விலை, தங்குமிடம், எளிய மனிதரின் உரையாடல் இவையே அவர் கண்ணுக்கு முதலில் படும். மெல்லிய நகைச்சுவை ஒன்று ஊடே ஓடும். கண்டதைச் சொல்லி நிறுத்திவிட்டு, முடிவை வாசகரிடமே விட்டுவிடுவார். கவிதை எழுதுவோர் அவரிடம் கற்க வேண்டிய சிக்கனம் இது.

குமரி மலர் என்னும் இல்லம்

1943இல் செட்டியார் குமரி மலர் என்னும் இதழைத் தொடங்கினார். போர்க்காலத்தில் தாள் கிடைப்பதே அரிதாக இருந்தது. அந்நிலையில் தொடங்கிய இதழை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தம் இறுதி வரை நடத்தினார். பெரும் விற்பனையோ பரபரப்போ அதற்கு இல்லை. கட்டுரைகளே அதன் உயிர். முந்தைய தலைமுறை இதழ்களிலும் நூல்களிலும் புதைந்துகிடந்த அரிய எழுத்துக்களை அவர் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்தார். பாரதியாரின் எழுத்துக்களைத் திரட்டியோருக்கு அவ்விதழ் ஒரு சுரங்கமாக விளங்கியது.

பயணிக்கும் பழைய ஏட்டைத் தேடுவோனுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். செட்டியாரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பணி. தொலைவால் பிரிந்தோரைக் கப்பலேறித் தேடினார். காலத்தால் பிரிந்தோரை நூலகங்களில் தேடினார். தமிழ்நாட்டைப் பற்றி முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் அவர் தொகுத்து நூலாக்கினார். மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் தொடக்ககாலப் புகைவண்டியிலும் சென்றோர் எழுதிவைத்த பதிவுகள், இவர் இல்லையேல் ஒரே இடத்தில் நமக்குக் கிடைத்திரா. தம் பயணத்துக்கு வாசகரைத் தேடியவர்கள் பலர். முன்னோர் பயணத்துக்கும் வாசகரைத் தேடித்தந்தவர் இவர்.

தம்மை மறைத்தவர்

இத்துணை எழுதியவர் தம்மைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. பிறர் முகங்களைத் தேடி உலகம் சுற்றியவர், தம் முகத்தைக் காட்டக் கூச்சம் கொண்டவர். பயண நூல்களில்கூட அவர் பெரும்பாலும் ஒரு கண்ணாகவும் செவியாகவுமே இருக்கிறார். தம் இடர்களைப் பெரிதுபடுத்துவதில்லை. தம் வீட்டைப் பற்றியும் உள்ளத்துத் துயரங்களைப் பற்றியும் வாய்திறப்பதில்லை.

இதனைப் பெருந்தன்மை என்று போற்றுவது எளிது. பெருந்தன்மைதான். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. பிரிந்தோரையெல்லாம் இணைக்க முயன்றவரின் சொந்தப் பிரிவுகளை அவருடைய பக்கங்களில் காண முடிவதில்லை. கோட்டையூரில் அவருக்காகக் காத்திருந்தோரின் நாட்கள் அவற்றில் இடம்பெறவில்லை. கண்டங்களைக் கடக்கும் மனிதனுக்காக வீட்டில் விளக்கு வைப்போர் வரலாற்றில் இடம் பெறுவது அரிது. செட்டியார் தம்மை மறைத்துக்கொண்டபோது அவர்களும் சேர்ந்தே மறைந்தனர். பிறர் வாழ்வுக்கு ஆவணம் தேடியவர், தம் வாழ்வுக்கு ஆவணம் வைக்கவில்லை.

அவர் தேடித்தந்ததற்கும் அதே நிலை நேர்ந்தது. 1940இல் தமிழ் மக்கள் கண்டு நெகிழ்ந்த அந்தத் தமிழ்ப் படம் காலப்போக்கில் மக்கள் பார்வையிலிருந்து மறைந்தது. உலகெங்கும் சிதறிக்கிடந்த சுருள்களை ஓர் இளைஞர் தனியே நின்று ஒன்றுசேர்த்தார். ஒன்றுசேர்த்ததை ஒரு சமூகம் கூடிநின்றும் காக்கத் தவறியது. அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவத்தின் பிரதிதான் பிற்காலத்தில் அந்நாட்டிலிருந்து தேடிப் பெறப்பட்டது.

படத்தை எடுத்த வரலாற்றைச் செட்டியார் குமரி மலரில் தொடராக எழுதினார். அது நூலாவதற்கு முன் 1983 செப்டம்பரில் அவர் மறைந்தார். அவரோடு குமரி மலரும் நின்றது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் அத்தொடர் அண்ணல் அடிச்சுவட்டில் என்ற பெயரில் 2003இல் நூலாக வெளிவந்தது. 2006இல் ஆங்கிலத்திலும் வந்தது. தேடியவரைத் தேட இருபது ஆண்டுகளாயின.

இன்று மீனம்பாக்கத்திலிருந்து நாள்தோறும் தமிழர் உலகெங்கும் பறக்கின்றனர். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் தெருக்களில் பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கும் வீடுகள் பல. தோள்பையோடு மாதக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றும் இளைஞர்களும் உண்டு. ஒரு நொடியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்துவிட்டது. ஆயினும் பழைய நண்பன் எங்கே இருக்கிறான் என்று தேடிச் செல்லும் மனம் அவ்வசதியால் மட்டும் வந்துவிடுவதில்லை. மூன்றாம் தலைமுறைப் பேரனுக்கும் ஊருக்கும் இடையே நூல் அறுந்துபோவதை எந்தக் கருவியும் தானாகத் தடுப்பதில்லை. யாரேனும் ஒருவர் எழுந்து சென்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. எழுதியதைப் பிறர் காக்க வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டையும் செட்டியார் தம் வாழ்நாள் முழுவதும் தனியொருவராகச் செய்தார். மூன்றாவது தனியொருவரால் ஆவதன்று. அது ஊர்தோறும் உள்ள இலக்கிய வட்டங்களின் பணி. மூத்தோர் ஒருவரிடமுள்ள பழைய இதழ்க்கட்டு, பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பத்தின் நினைவுகள், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மஞ்சளேறிய கடிதம் ஆகியவை இந்தப் புறநகர்த் தெருக்களிலும் இருக்கக்கூடும். அவற்றைத் தேடி எடுத்துத் தேதியிட்டுக் காப்பதே ஏ.கே. செட்டியார் என்னும் பயணிக்குத் தமிழர் செலுத்தக்கூடிய தகுந்த நன்றி.